தெஸ்லாச் சுருளிற் கம்பியும் குழாயும் பொருத்தும் முறை

விஞ்ஞானக் கண்காட்சி நடைபெறும் மண்டபங்களிற் கூட்டத்தைத் தன்பால் இழுக்கும் கருவிகளுள் தெஸ்லாச் சுருளுக்கு ஒப்பாவது மிக அரிது. மேலே பளபளக்கும் வளையத்தினின்று ஊதா நிறப் பொறிகள் நாக்கு நீட்டிப் பாய்வதையும், கையிற் பிடித்த குழல் விளக்கு கம்பித் தொடர்பு எதுவுமின்றியே ஒளிர்வதையும் கண்ட மாணவன் அன்றிரவே தானும் ஒன்று செய்ய எண்ணுவான். சுற்று எத்தனை, கம்பியின் தடிப்பு எவ்வளவு, ஒடுக்கியின் அளவு யாது என்றெல்லாம் அவன் வினவுவான். பொருத்துக்களைப் பற்றி மட்டும் ஒருவரும் வினவுவதில்லை. வீட்டிலே செய்யப்படும் சுருள்களில் முதலிற் சூடேறுவதும், கருகுவதும், அறுவதும் பெரும்பாலும் பொருத்துக்களே. ஆதலின் அப்பகுதியை மாத்திரம் எடுத்துச் சற்று விரிவாகக் கூறுதல் பயனுடைத்தெனக் கருதுகின்றேன்.

நிக்கொலா தெஸ்லா 1856 ஆம் ஆண்டு, இன்று குரோவாசியா எனப்படும் நாட்டின் சிமில்யான் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். அமெரிக்கா சென்று குடியேறிய அவர், 1891 ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாக் கல்லூரியில் மின்பொறியியலாளர் முன்னிலையில் உயர்மீடிறன் மின்னோட்டங்களைப் பற்றி நிகழ்த்திய செய்முறை விரிவுரை உலகறிந்தது. அடுத்த மாதமே இச்சுருளின் அடிப்படையில் அமைந்த விளக்கேற்றும் முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். 1899 ஆம் ஆண்டிலே கொலராடோ ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் மிகப் பெரிய சுருளொன்றை நிறுவி ஆராய்ந்தார். 1943 இல் அவர் மறைந்தார். காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு 1960 ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. இவை பலரும் அறிந்தவை. இனி நம் பொருளுக்கு வருவோம்.

எண்களைக் கொண்டு பேசினாலன்றிப் பொருத்தின் அருமை விளங்காது. ஆகவே, மேசை மேல் வைக்கத்தக்க ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். ஒடுக்கி, அதாவது இக்கால நூல்கள் கொள்ளளவி என வழங்கும் உறுப்பு, 10 நானோபரட்டு அளவினது. அது 10,000 உவோற்றுக்கு ஏற்றப்படுகின்றது. முதற்சுருள் கால் அங்குலச் செப்புக் குழாயைத் தட்டையான சுருளியாக 13 சுற்றுச் சுற்றியது. உள் ஆரை மூன்றரை அங்குலம், சுற்றுக்களுக்கிடையே கால் அங்குல வெளி. இதன் தூண்டுதிறன் ஏறக்குறைய 60 மைக்கிரோ என்றி ஆகும். துணைச்சுருள் 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயின்மீது அரை மில்லிமீற்றர் எனாமற் பூச்சுக் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றியது. ஏறத்தாழ 350 மீற்றர் கம்பி செல்லும். இரண்டும் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் அலைவுகளில் ஒன்றோடொன்று பரிவுறும்.

பொறியிடைவெளியிலே பொறி பாய்ந்த கணத்தில் ஒடுக்கியிலுள்ள ஆற்றல் அரை யூல் மாத்திரமே. அரை யூலா, அது என்ன பெரிது எனலாம். ஆயினும் அது வெளிப்படும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதற்சுற்றின் தடங்கல் ஏறத்தாழ 80 ஓம். 10,000 உவோற்றை அதனால் வகுப்பின் உச்ச மின்னோட்டம் 125 அம்பியரளவில் வரும். வீட்டு மின்னிணைப்பிற் காணாத மின்னோட்டம் இது. பென்சிற் தடிப்புங்கூட இல்லாத ஒரு குழாயினூடு இது பாய்கின்றது. துணைச்சுருளிலோ எழும் அழுத்தம் இழப்புக்கள் நீங்கலாக ஒன்றரை இலட்சம் உவோற்றை அணுகும்; சுற்றொன்றுக்குச் சராசரி 150 உவோற்று. முதற்சுருளின் பொருத்து மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். துணைச்சுருளின் பொருத்து அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டால் மேலே கூறுவன யாவும் எளிதில் விளங்கும்.

குழாய் எதற்கு, திண்மையான கம்பி ஆகாதோ எனச் சிலர் கேட்பர். மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் கடத்தியின் உட்புறத்தை வெறுத்து மேற்பரப்பை நாடிச் செல்லும் இயல்புடையது. மீடிறன் ஏற ஏற இவ்வியல்பும் மிகும். வீட்டு மின்சாரத்தின் 50 அலைவுகளில் அது செம்பினுள் ஒன்பது மில்லிமீற்றர் ஆழம்வரை ஊடுருவும். இரண்டு இலட்சம் அலைவுகளிலோ ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீற்றரில் ஏழிலொரு பங்கு அளவே. குழாயின் சுவரே 0.8 மில்லிமீற்றர் தடிப்புடையதாதலின் அதற்கு உள்ளே செம்பு இருந்தும் பயனில்லை. இதிலிருந்து பொருத்துக்கும் ஒரு விதி பிறக்கின்றது: குழாயின் வெளிப்புறத் தோல் இடையறாது தொடர வேண்டும். உள்ளே எவ்வளவு உறுதியாகக் கவ்வியிருந்தாலும் வெளியே மயிரிழை அகலப் பிளவிருந்தால், மின்னோட்டம் அவ்விடத்தில் தடுமாறும்.

பதினைந்து மீற்றர் நீளமான புதிய குழாய்ச் சுருள் ஒன்று வாங்க இயலுமாயின் முதற்சுருளுக்குப் பொருத்தே வேண்டா. மேற்கூறிய 13 சுற்றுக்கு 14 மீற்றர் போதும். பொருத்தாதிருப்பதே சிறந்த பொருத்து என்பது என் துணிபு. ஆயினும் மாணவர் கைப்பணம் அறிந்ததே. பழைய குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்தும் காற்றுப்பதனிகளிலிருந்தும் கழற்றிய துண்டுகளே பலர்க்குக் கிடைக்கும். அவற்றைப் பொருத்தியே ஆகவேண்டும். குழாய் வேலை செய்வோர் வெளியே ஒரு தடித்த உறையை மாட்டிப் பொருத்துவர். நீர் ஒழுகாதிருக்க அது நன்று, நமக்கு ஆகாது. உறை இருக்குமிடத்திற் குழாய் பருத்து, தாங்கு பலகையின் துளைகளிற் புகாது. அடுத்த சுற்றுக்கு உள்ள வெளியும் குறையும். ஆகவே உள்ளே செருகும் முறையே தக்கது. குழாயின் உள்விட்டத்துக்குச் சற்றே குறைந்த செப்புக் கோலில் மூன்று சதமமீற்றர் நறுக்கி, பாதி ஒரு குழாயினுள்ளும் மறுபாதி மற்றதினுள்ளும் இருக்குமாறு செருகி, இரு விளிம்புகளும் நடுவிலே நேருக்கு நேர் முட்டச் செய்க. விளிம்புகளை அரத்தினாற் சதுரமாக அராவியிருத்தல் வேண்டும். குழாய் வெட்டியால் வெட்டிய விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்குமாதலின் அதனையும் அராவி எடுக்க. கோலுக்கும் குழாய்க்கும் இடையே கடதாசித் தடிப்பளவு இடைவெளி இருப்பின் உருகிய பற்றாசு தானாகவே உள்ளிழுக்கப்பட்டு நிரம்பும். பற்றாசு செம்பைப்போல் மின்னைக் கடத்தாது, எட்டிலொரு பங்களவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் மின்னோட்டம் கடக்கவேண்டிய பற்றாசின் நீளம் அரை மில்லிமீற்றருங்கூட இல்லை. அதனால் வரும் தடை பொருட்படுத்தத் தக்கதன்று. ஆறிய பின் வெளியே திரண்டு நிற்கும் பற்றாசை அராவி வழுவழுப்பாக்கினாற் பொருத்து இருக்குமிடமே தெரியாது.

பொருத்தை எங்கே வைப்பது என்பதும் சிந்திக்கத் தக்கது. உட்சுற்றுக்களில் வளைவு கடுமையாதலின் செருகிய கோல் வளையாது நின்று அவ்விடத்தை மூலைபோலாக்கும். வெளிச்சுற்றுக்களில் வளைவு மென்மையானது. அன்றியும் சுருளை இசைவிக்கும்போது வெளிப்புறச் சுற்றொன்றிலேதான் கவ்வியை மாட்டுவோம். அதற்கு அப்பாலுள்ள சுற்றுக்களில் மின்னோட்டம் அனேகமாக இல்லை. ஆகவே பொருத்தைக் கடைசிச் சுற்றில் இரு தாங்கிகளுக்கிடையே வைப்பது அறிவுடைமை. மின்னோட்டம் இல்லையெனினும் அழுத்தம் அங்கே உண்டு. ஆதலின் கூர் எதுவும் இருத்தலாகாது.

பற்றாசு வைப்பதன் இரகசியம் தூய்மை. நம்மூரிற் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரைக் கண்டிராதார் முதியோரில் ஒருவருமிலர். மணலிட்டு மிதித்துத் தேய்த்து, கரிநெருப்பிலே காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவ வெண்புகை எழும். அக்கணத்தில் ஈயத்தை ஒற்றிப் பஞ்சினால் இழுத்தால் பாத்திரம் முழுவதும் வெள்ளியெனப் பரவும். நவச்சாரம் செய்வது மாயமன்று. சூட்டினால் உலோகத்தின்மேற் படியும் ஒட்சைட்டை அது கரைத்து நீக்குகின்றது. பொற்கொல்லர் வெங்காரம் இட்டு ஊதுவதும் இதற்கே. மின்வேலையிலே அப்பணியைச் செய்வது றோசின் எனப்படும் பைன்மரப் பிசின். நவச்சாரமும், குழாய் வேலைக்கு விற்கப்படும் நாகக் குளோரைட்டுக் களியும் இதனினும் விரைந்து வேலை செய்யும் என்பது மெய்யே. ஆனால் எஞ்சி நிற்கும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துச் செம்பை நாள்தோறும் அரிக்கும். கடற்காற்று வீசும் ஊர்களிற் சில மாதங்களிலேயே பொருத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்துவிடும். பெருங் குழாய்ப் பொருத்துக்கு வேறு வழியின்றி அக்களியைப் பயன்படுத்தினால், ஆறியதும் வெந்நீரிற் பலமுறை கழுவித் துடைத்தல் வேண்டும். மெல்லிய கம்பிக்கோ அதனை ஒருபோதும் தொடலாகாது. கழுவினாலும் எனாமலுக்கும் கம்பிக்கும் இடையே புகுந்தது வெளிவராது.

அடுத்தது சூடு. வானொலி திருத்துவோர் கையாளும் 30 உவாற்றுப் பற்றாசுக்கோலைக் கொண்டு செப்புக் குழாயைப் பற்றவைக்க முயல்வது, கைவிளக்கால் அண்டாநீரைக் கொதிக்கவைக்க முயல்வது போலாகும். கொடுத்த வெப்பத்தைக் குழாய் தன் நீளம் முழுவதும் பகிர்ந்துவிடும். பற்றாசு உருகினாற் போலக் காட்டி, செம்பைப் பற்றாது உருண்டையாய் உட்கார்ந்திருக்கும். இத்தகைய போலிப் பொருத்து மங்கிய நிறமும் சொரசொரப்பும் உடையது. கண்ணுக்குப் பொருத்தாகவும் மின்னுக்குத் தடையாகவும் இருப்பது. சிறிய வாயுச் சுடரே குழாய்க்கு ஏற்றது. பொருத்தவேண்டிய பகுதிகளுக்குத் தனித்தனியே முதலில் ஈயம் பூசிக்கொள்க. பின் செருகி, சுடரைக் குழாய்மீது காட்டி, பற்றாசுக் கம்பியைச் சுடருக்கு மறுபுறத்தில் ஒற்றுக. செம்பின் சூட்டாலேயே அது உருகிப் பரவவேண்டும். சுடர் நேரே பற்றாசில் விழலாகாது. வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் சேர்ந்த பழைய கலப்பு 183 சதமவளவைப் பாகையில் இளகத் தொடங்கும். காரீயமற்ற புதிய கலப்புக்கள் 217 பாகைக்கு மேலேயே உருகும். இவற்றின் பொருத்து நல்லதாயினுஞ் சற்று மங்கலாகவே தோன்றும், அதனைப் போலிப் பொருத்தென மயங்க வேண்டா. காரீயம் நஞ்சாதலின் வேலை முடிந்ததும் கைகழுவாது உண்ணலாகாது என்பதையும் இளைஞர்க்குச் சொல்லி வைத்தல் நலம். இன்னும் உயர்ந்த சூட்டில் உருகும் வன்பற்றாசு வேண்டுமா எனிற் தேவையில்லை. மென்பற்றாசு உருகுமளவுக்குச் சூடேறும் முதற்சுருளில் வேறேதோ பெரும்பிழை இருக்கின்றதென்றே கொள்க.

இனிக் கம்பியைக் குழாயோடு பொருத்தும் முறை. ஒடுக்கியிலிருந்து வரும் தடித்த பின்னற்கம்பி முதற்சுருளின் உள்முனையில் நிலையாகச் சேரவேண்டும். குழாயின் நுனியைச் சுத்தியலாற் தட்டித் தட்டையாக்கித் துளையிட்டு, கம்பி நுனியிற் பற்றாசு வைத்த செப்புக் காதைப் பித்தளைப் போல்ற்றினால் இறுக்குவது ஒருவகை. கழற்றிப் பூட்ட வசதியானது. கம்பியின் உறையை உரித்து, இழைகளைக் குழாயினுட் செருகி, வெளியிலிருந்து நெரித்துப் பின் பற்றாசு நிரப்புவது மற்றொருவகை. இது நெடுநாள் நிற்கும். நெரித்தல் பிடிமானத்துக்கு, பற்றாசு மின்தொடர்புக்கு என வேலையைப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். பற்றாசையே பிடிமானத்துக்கும் நம்பினால், பொறி பாயும்போது எழும் அதிர்விலே அது காலப்போக்கில் வெடித்துவிடும்.

மறுமுனையிலுள்ள கவ்வியோ இடம்மாறத்தக்கதாயிருக்க வேண்டும். சந்தையில் மலிவாக விற்கும் முதலைக் கவ்வி இதற்கு உதவாது. அதன் பற்கள் இரண்டொரு புள்ளிகளில் மாத்திரமே குழாயைத் தொடுகின்றன; நூறு அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் அப்புள்ளிகளிலே குவிந்து செம்பைக் கருக்கிக் குழியாக்கும். கால் அங்குலக் கண்ணாடி உருகிகளைத் தாங்கும் வெண்கலக் கவ்வி ஒன்று கால் அங்குலக் குழாயை அளவெடுத்துச் செய்தாற்போல இருபுறமும் அணைத்துக் கொள்ளும். அதன் அடியிலே தடித்த கம்பியைப் பற்றாசு வைத்துவிட்டால் இதனினும் சிறந்த கவ்வி வேண்டியதில்லை. உலகெங்கும் சுருள் செய்வோர் இதனைக் கையாளுகின்றனர். மாட்டுமுன் குழாயை அரத்தாளால் ஒருமுறை துடைத்துவிடுக.

துணைச்சுருளுக்கு வருவோம். இங்கே கம்பி மெல்லியது, அழுத்தமோ பெரிது. அடிமுனையில் மின்னோட்டம் மிகுதி, அழுத்தம் குறைவு. நுனியில் அழுத்தம் மிகுதி, மின்னோட்டம் குறைவு. அடிப்பொருத்துக்கு நல்ல தொடர்பு முதன்மையானது. நுனிப்பொருத்துக்கு வழுவழுப்பு முதன்மையானது. எனாமலில் இருவகை உண்டு. ஒருவகை ஏறத்தாழ 400 பாகைச் சூட்டில் தானே கரைந்து பற்றாசுக்கு வழிவிடும். மற்றது விடாது, அதனை நுண்ணிய அரத்தாளால் உரசியே அகற்றல் வேண்டும். கத்தியாற் சுரண்டினாற் கம்பியிற் கீறல் விழும்; கீறல் விழுந்த கம்பி பின்னொருநாள் அவ்விடத்திலேயே ஒடியும். அடிமுனைக் கம்பியை நேரே தடித்த புவிக்கம்பியோடு பற்றவைப்பின், தடித்தது அசையுந்தோறும் மெல்லியது வருந்தும். ஆகவே பி.வி.சி. குழாயின்மீது ஒரு சிறு செப்புத் தகட்டை ஒட்டி, மெல்லிய கம்பியை அதன் ஒரு மூலையிலும் புவிக்கம்பியை மறுமூலையிலும் சேர்த்தல் நன்று. தகடு குழாயை முழுதும் சுற்றி மூடலாகாது. பி.வி.சி. 80 பாகையளவிலேயே இளகுமாதலின் தகட்டுக்கு முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டுப் பின் ஒட்டுதல் வேண்டும். கம்பியைத் துளைவழியே குழாயின் உட்புறம் இழுத்துச் செல்வது அழகாயிருக்கலாம். ஆனால் உள்வழியே நுனியிலிருந்து அடிக்குப் பொறி பாய அதுவே வாயிலாகும்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே கம்பி நடுவில் அறுந்தால் என்செய்வது? பாதிக்கு மேற் சுற்றியாயிற்றெனின் யாவருக்கும் மனம் துணுக்குறும். முறுக்கிக் கட்டும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுக; முறுக்கின் முனை கூராய் நிமிர்ந்து நின்று காற்றிலே மின்னைக் கசியவிடும். இரு முனைகளையும் ஒரு சதமமீற்றர் அளவுக்குப் பக்கம் பக்கமாக வைத்துப் பற்றாசு தோய்த்து, மிகுதியை வழித்து, நுனிகளை அராவி, வாணிசு பூசி உலர்ந்த பின் தொடர்க. இடம் குழாயின் அடிப்பகுதிக்கு அண்மையாயின் கவலை வேண்டா. நுனிக்கு அண்மையாயின் அறுந்த இடத்திலேயே சுற்றை முடித்துவிடுவதே என் ஆலோசனை. ஐம்பது சுற்றுக் குறைவதாற் கெடுவது ஒன்றுமில்லை, கவ்வியைச் சிறிது நகர்த்தினால் இசைவு மீண்டும் கிட்டும்.

மேல்வளையம் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தைச் சாதாரணப் பற்றாசு பற்றாது. போல்ற்றும் வாசரும் இட்டு இறுக்கி, அப்பொருத்தை வளையத்தின் உட்குழிவிலே மறைத்து வைக்க. அங்கே மின்புலம் குன்றியிருத்தலாற் கூர் முனையும் கசியாது. செம்பும் அலுமினியமும் நேரே தொட்டு ஈரக்காற்றிற் கிடப்பின் அலுமினியம் அரிபடும்; இடையில் ஈயம் பூசிய வாசர் ஒன்று இடுக.

பொருத்தவே கூடாத பொருத்து ஒன்றும் உண்டு. பொறிகள் முதற்சுருளிற் பாய்ந்து ஒடுக்கியை அழிக்காதிருக்க, அதற்கு மேலே ஒரு குழாய் வளையம் அமைத்துப் புவியோடு தொடுப்பர். அழகுக்காக அவ்வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்துவிட்டால் அது மூடிய சுற்றாகி, முதற்சுருளின் ஆற்றலைத் தானே உண்டு சூடேறும். இரண்டு மூன்று சதமமீற்றர் வெளிவிட்டு முனைகளை உருட்டி விடுக. புவித்தொடுப்பு ஓரிடத்திற் போதும்.

இனிக் கூறுவது உயிர்ச்சேதம் பற்றியது. உயர்மீடிறன் மின்சாரம் தோலோடு நின்றுவிடும், உடலைத் தீண்டாது என்னும் கதையை நம்பி விளையாடுவோர் உளர். முதற்சுற்றைப் பொறுத்தவரை அது பொய். அங்கே நிலைமாற்றியின் 50 அலைவு மின்சாரமும் ஏற்றம் பெற்ற ஒடுக்கியும் இருக்கின்றன, இரண்டுங் கொல்ல வல்லன. வழக்கமான அமைப்பில் ஒடுக்கியில் எஞ்சிய ஏற்றம், மின்னை நிறுத்தியபின், முதற்சுருளினூடும் நிலைமாற்றியின் சுற்றினூடும் வடிந்துபோகும். ஓட்டத்தின் நடுவிலே ஒரு பொருத்து விட்டுப்போயின் அவ்வழி அடைபடும். ஏற்றம் ஒடுக்கியிலேயே தங்கும். கருவி நின்றுவிட்டதே, என்ன பழுது என்று கைநீட்டுகிறவன் தொடுவது அதனைத்தான். ஆகவே ஒவ்வோர் ஒடுக்கிக்கும் குறுக்கே, முதற்சுருளைச் சாராது, உயர்தடை ஒன்று நிலையாக இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மின்செருகியைக் கழற்றிய பின், காவலிட்ட நீண்ட கோலினால் ஒடுக்கியின் இரு முனைகளையும் குறுக்கிட்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். மாணவர் இதனைத் தனியே இயக்கலாகாது. பொறுப்பறிந்த ஆசிரியர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

பொருத்துக்களை உயரழுத்தம் கொடுத்துச் சோதித்தல் தேவையற்றது. கருவியோடு எதனையும் இணைக்குமுன், மோட்டார் வண்டி மின்கலத்துக்கு ஏற்றம் கொடுக்கும் கருவியைக் கொண்டு முதற்சுருளினூடு 10 அம்பியர் நேரோட்டம் செலுத்துக. பல்மானியை மில்லி உவோற்று அளவையில் வைத்து, பொருத்து நடுவிலிருக்குமாறு 10 சதமமீற்றர் நீளத்தில் அழுத்த வீழ்ச்சியை அளந்து, பொருத்தில்லாத அதே நீளக் குழாயின் வீழ்ச்சியோடு ஒப்பிடுக. முழுக் குழாயில் அது 1.2 மில்லி உவோற்றளவில் இருக்கும். பொருத்தும் அதனையே காட்டினாற் குறையில்லை. இரண்டு மூன்று மடங்கு காட்டினாற் சுடரை மீண்டும் ஏற்றிப் பொருத்தைக் கழற்றி, அரத்தாளிலிருந்து தொடங்குக. கவ்வியை ஐந்தாறு இடங்களில் மாட்டி அதனையும் இவ்வாறே அளந்து, எண்களை முதற்சுருளின் பலகையிலேயே எழுதி வைத்தால், அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்குக் கருவியைத் தூசுதட்டி எடுக்கும் மாணவர்க்கு எது களிம்பேறியது, எது தளர்ந்தது என்பது ஐந்து நிமிடத்திற் தெரிந்துவிடும்.